பெற்றோர் பிரிந்தால் குழந்தை யாரிடம்? குடும்பநல நீதிமன்றம் முடிவெடுக்கும் முறை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணவனும் மனைவியும் பிரிவது என்று ஆன பிறகு, நகை, வீடு, ஜீவனாம்சம் ஆகியவற்றைக் காட்டிலும் கடுமையாக வழக்காடப்படுவது குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான். இந்தியச் சட்டத்தின் கீழ், குறிப்பாகத் தமிழ்நாட்டுக் குடும்பநல நீதிமன்றங்களில், இது எவ்வாறு முடிவு செய்யப்படுகிறது என்று பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஒவ்வொரு குடும்பத்தின் சூழலும் வேறு என்பதால் இது வழக்கறிஞரின் ஆலோசனைக்கு மாற்று ஆகாது. ஆனால் நீதிபதி எதைப் பார்க்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு வழக்குத் தொடுப்பவர்கள், தெரியாமல் தொடுப்பவர்களைவிடத் தங்கள் குழந்தைக்குக் குறைவான காயத்தையே உண்டாக்குகிறார்கள்.

எந்தச் சட்டத்தின்படி முடிவு செய்கிறார்கள்?

இதற்கென்று ஒரே சட்டம் இல்லை. எல்லா மதத்தவருக்கும் பொதுவாக இருப்பது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டம். இந்துக்களுக்கு அதனுடன் 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும் பொருந்தும். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே குழந்தை குறித்து உத்தரவு கேட்பதற்கு இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும், சிறப்புத் திருமணச் சட்டத்தின் 38-ஆம் பிரிவும், கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 41 முதல் 44 வரையிலான பிரிவுகளும் வழி செய்கின்றன. முஸ்லிம் தனிச்சட்டத்தின் ஹனஃபி மரபில், ஆண் குழந்தையை ஏழு வயது வரையிலும் பெண் குழந்தையைப் பருவமடையும் வரையிலும் வைத்து வளர்க்கும் உரிமை தாய்க்கு உண்டு. இது ஹிஸானத் எனப்படும்.

இத்தனை சட்டங்கள் இருந்தாலும், வழக்கு முடிவில் நின்று பேசுவது குழந்தையின் நலன் ஒன்றே. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழந்தையின் நலனே தலையாயது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற ஒரு வழக்கில் 1973-ஆம் ஆண்டு வழங்கப்பட்ட தீர்ப்பு, குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்று கூறியது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தத் தீர்ப்பை நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே ‘எனக்கு என்ன உரிமை இருக்கிறது’ என்ற கேள்வியோடு வருகிற பெற்றோர், ‘என் குழந்தைக்கு எது நல்லது என்று என்னால் காட்ட முடியுமா’ என்ற கேள்விக்கு மாற வேண்டியிருக்கிறது.

தந்தைதான் இயற்கைக் காப்பாளர் என்கிறார்களே, அப்படியானால் குழந்தை அவரிடம்தான் போகுமா?

போக வேண்டும் என்பதில்லை. காப்பாளராக இருப்பது என்பது குழந்தையின் சொத்து, ஆவணங்கள், பெரிய முடிவுகள் ஆகியவற்றில் சட்டப்படி பொறுப்பேற்பது. குழந்தையைத் தன் வசம் வைத்து அன்றாடம் வளர்ப்பது வேறு. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு தந்தையை முதலிலும் ‘அவருக்குப் பின்’ தாயையும் இயற்கைக் காப்பாளராகக் குறிப்பிடுகிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், தந்தை இறந்த பிறகுதான் தாய் காப்பாளர் ஆக முடியும் என்று இந்தப் பிரிவைப் படிக்கக் கூடாது என்றும், தந்தை குழந்தையின் பொறுப்பில் அக்கறை காட்டாதபோது அவர் உயிருடன் இருக்கும்போதே தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்றும் விளக்கியது. திருமணமாகாத தாய், குழந்தையின் தந்தை யார் என்று வெளியிடாமலேயே காப்பாளர் உரிமை கோரலாம் என்று 2015-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை தாயிடம்தான் இருக்குமா?

இந்துக்களைப் பொறுத்தவரை, ஐந்து வயது நிறைவடையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 6-ஆம் பிரிவு கூறுகிறது. தாயிடம் இருப்பது குழந்தைக்குத் தீங்கு என்று தந்தை ஆதாரத்துடன் காட்டினால் நீதிமன்றம் வேறு முடிவு எடுக்கலாம். தாய் வேலைக்குப் போகிறார், வாடகை வீட்டில் இருக்கிறார், தன் பெற்றோருடன் வசிக்கிறார் என்பவை அத்தகைய ஆதாரங்கள் ஆகா. ஐந்து வயது நிறைந்த மறுநாளே குழந்தை தந்தையிடம் மாறிவிடும் என்று சிலர் நம்புவதும் தவறு.

குழந்தையின் நலன் என்று சொல்லும்போது நீதிபதி உண்மையில் எவற்றைப் பார்க்கிறார்?

1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது: குழந்தையின் வயது, பாலினம், மதம், காப்பாளராக விரும்புபவரின் குணநலனும் திறனும், குழந்தையுடனான உறவின் நெருக்கம், இதுவரை இருந்த பழக்கம். நீதிமன்ற அறையில் இந்தப் பட்டியல் மிகச் சாதாரணமான கேள்விகளாக உருமாறுகிறது. காலையில் குழந்தையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது யார்? காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவரிடம் காட்டுகிறீர்கள், கடைசித் தடுப்பூசி எப்போது போட்டது? வகுப்பு ஆசிரியரின் பெயர் என்ன? பெற்றோர் கூட்டத்துக்கு யார் போனது? இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் விடை சொல்லும் பெற்றோரின் வாக்குமூலம், எதிர்த்தரப்பின் நடத்தையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்ட பிரமாணப் பத்திரத்தைவிட அதிகம் பேசுகிறது.

தொடர்ச்சியும் முக்கியமாகக் கருதப்படுகிறது. ஒரே பள்ளி, ஒரே தெரு, ஒரே நண்பர்கள், உடன்பிறந்தவர் ஆகியவற்றை நீதிமன்றம் எளிதில் கலைப்பதில்லை. இரண்டு குழந்தைகள் இருந்தால் ஆளுக்கு ஒன்றாகப் பிரிப்பதைத் தவிர்க்கவே முயல்கிறது.

இன்னொன்றையும் இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றொரு பெற்றோருடன் குழந்தைக்கு இருக்கும் பாசத்தை யார் காப்பாற்றுவார் என்பதையும் நீதிபதிகள் கவனிக்கிறார்கள். ஒரு பெற்றோர் மற்றவருக்கு எதிராகக் குழந்தையின் மனத்தைத் திருப்புவதால் விளையும் கேட்டை உச்ச நீதிமன்றம் 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் விரிவாகவே பேசியுள்ளது. ‘உன் அப்பா உன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்’ என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் சொல்லும் தாயும், ‘உன் அம்மா கெட்டவள்’ என்று சொல்லும் தந்தையும் தங்கள் வழக்கை வலுவிழக்கச் செய்கிறார்கள். குழந்தைக்கு அவர்கள் செய்யும் தீங்கு அதைவிடப் பெரிது.

வருமானம் அதிகம் உள்ளவருக்குத்தான் குழந்தை கிடைக்குமா?

இல்லை. பணம் குறைவாக உள்ளவரிடம் குழந்தையை ஒப்படைத்து, மற்றவர் செலவுத் தொகை தர வேண்டும் என்று உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதேபோல, மறுமணம் செய்துகொண்டார் என்பதோ, திருமணத்துக்கு வெளியே உறவு இருந்தது என்ற குற்றச்சாட்டோ மட்டுமே ஒருவரிடமிருந்து குழந்தையைப் பறிக்கப் போதாது. நல்ல கணவனாகவோ மனைவியாகவோ இல்லாதவர் நல்ல பெற்றோராக இருக்க முடியும் என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன.

குழந்தையிடமே யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்பார்களா?

அறிவார்ந்த விருப்பத்தைச் சொல்லும் வயதும் பக்குவமும் இருந்தால் நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்று 17-ஆம் பிரிவு கூறுகிறது. இத்தனை வயது என்று சட்டம் வரையறுக்கவில்லை. குழந்தையின் விருப்பம் பல காரணிகளுள் ஒன்று மட்டுமே, அது தீர்ப்பாகிவிடாது.

நடைமுறையில், நீதிபதி தம் அறைக்குக் குழந்தையை வரவழைத்து, பெற்றோரையும் வழக்கறிஞர்களையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசுவார். பேச்சு பெரும்பாலும் பள்ளியில் தொடங்கும்: எந்த வகுப்பு, பக்கத்தில் உட்காருவது யார், மதியம் டப்பாவில் என்ன இருந்தது, தலை பின்னிவிட்டது யார். இப்படிப் பேசும்போதே, வீட்டில் சொல்லிக் கொடுத்து அனுப்பிய வாக்கியம் எது, குழந்தை தானாகச் சொல்வது எது என்று அனுபவமுள்ள நீதிபதிக்குத் தெரிந்துவிடும். எட்டு வயதுச் சிறுவன் ‘மன உளைச்சல்’, ‘பாதுகாப்பின்மை’ போன்ற சொற்களைப் பயன்படுத்தினால், அவை யாருடைய மனுவிலிருந்து வந்தவை என்று கேட்காமலேயே புரியும்.

இந்தச் சந்திப்புக்கு முன்னால் குழந்தையிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே: ‘ஒரு பெரியவர் உன்னிடம் பேசுவார், உனக்குத் தோன்றுவதைச் சொல்லலாம், எதைச் சொன்னாலும் எங்கள் இருவருக்கும் உன்மேல் கோபம் வராது.’ அப்பாவா அம்மாவா என்று ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது கொடுமையான காரியம். அந்தச் சுமையை நீதிமன்றம் முடிந்தவரை குழந்தையின் தோளில் ஏற்றாமல் இருக்க முயல்கிறது, பெற்றோரும் அவ்வாறே இருக்க வேண்டும்.

மனுவை எங்கே தாக்கல் செய்வது?

குழந்தை சாதாரணமாக வசிக்கும் இடத்தின் மீது அதிகாரம் உள்ள நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு கூறுகிறது. குடும்பநல நீதிமன்றம் இருக்கும் இடத்தில் அங்கும், இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றத்திலும் மனு செய்யலாம். சென்னையில் நெடுங்காலமாக உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவிலும் (வழக்குகளை நேரடியாக முதலில் விசாரிக்கும் பிரிவு) இத்தகைய மனுக்கள் விசாரிக்கப்பட்டு வந்தன. 2022 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், 1984-ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம் வந்த பிறகு அந்த அதிகாரம் குடும்பநல நீதிமன்றத்துக்கே உரியது என்று தீர்ப்பளித்தது.

வழக்கறிஞர் இல்லாமல் வழக்கை நடத்த முடியுமா?

முடியும். குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, வழக்கறிஞர் மூலம் வாதாடுவது உரிமையாகக் கோரக்கூடியது அன்று. நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். நடைமுறையில் அனுமதி பெரும்பாலும் கிடைக்கிறது. அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பதால், வழக்கு ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்பப்படும். நீதிமன்றத்துடன் இணைந்த சமரச மையம் இந்தியாவில் முதன்முதலாக 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கப்பட்டது. சேர்ந்து வாழ்வது பற்றிய பேச்சு தோற்றாலும், குழந்தையைப் பற்றிய பேச்சு அங்கே வெற்றி பெறுவதுண்டு. சனிக்கிழமை எத்தனை மணிக்கு அழைத்துச் செல்வது, எங்கே கொண்டுவந்து விடுவது என்பவற்றைப் பெற்றோரே பேசி எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம், மூன்றாம் மனிதர் விதிக்கும் உத்தரவைவிட நீண்ட காலம் நிலைக்கும். ஆகவே ‘எப்படியும் ஒத்துவராது’ என்று சமரச அமர்வைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

இறுதித் தீர்ப்பு வரும் வரை குழந்தை யாரிடம் இருக்கும்?

இந்தக் கேள்விக்குத்தான் பெற்றோர் மிகக் குறைவான கவனம் கொடுக்கிறார்கள். ஆனால் வழக்கின் போக்கைப் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கிறது. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின் கீழோ, இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின் கீழோ இடைக்கால மனு போட்டு, குழந்தையைத் தற்காலிகமாக ஒப்படைக்கவோ சந்திக்க அனுமதிக்கவோ கேட்கலாம்.

இதை ஏன் உடனடியாகச் செய்ய வேண்டும்? ஒரு தாய் சண்டைக்குப் பிறகு குழந்தையைக் கணவன் வீட்டில் விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் பேசுகிறார்கள், மாதங்கள் ஓடுகின்றன, வழக்குப் போட்ட பிறகு வாய்தா மேல் வாய்தாவாக இரண்டு ஆண்டுகள் கழிகின்றன. இதற்குள் குழந்தை புதிய பள்ளியில் சேர்ந்து, பாட்டியின் கையால் சாப்பிடப் பழகி, அந்த வீட்டையே தன் வீடாக ஏற்றுக்கொண்டுவிடுகிறது. இறுதி வாதத்தின்போது நீதிபதி முன்னால் இருப்பது பிரிவு நடந்த நாளின் குழந்தை அன்று; இன்றைய குழந்தை. நலன் என்ற அளவுகோலே இப்போது அந்தத் தாய்க்கு எதிராகத் திரும்பக்கூடும். வெளியேற்றப்பட்ட தந்தைக்கும் இதே நிலைதான். காலத்தைக் கடத்துவதே ஒரு தரப்பின் உத்தியாக மாறிவிடுவது நம் நீதிமன்ற நடைமுறையின் பெரிய குறை. குழந்தைகளின் பராமரிப்பு, கல்விச் செலவு குறித்த இடைக்கால மனுக்களை, எதிர்மனுதாரருக்கு அறிவிப்பு கிடைத்ததிலிருந்து கூடுமான வரை 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்று 26-ஆம் பிரிவு சொல்கிறது. குழந்தை யாரிடம் இருப்பது என்ற மனுவுக்கும் அதே அவசரம் காட்டப்பட வேண்டும்.

இந்த அச்சத்தாலேயே சிலர் பள்ளி வாசலிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவ்வாறு செய்யாதீர்கள். எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். காவல்துறை குழந்தையை நீதிபதிகள் முன் கொண்டுவந்து நிறுத்தும் நிலை வரலாம். அன்று முதல் உங்கள் நடத்தையே வழக்கின் மையமாகிவிடும்.

குழந்தை மற்றவரிடம் இருந்தால், சந்திக்கும் நேரத்தை எப்படி வகுக்கிறார்கள்?

குழந்தையை வைத்திருக்காத பெற்றோருக்குச் சந்திக்க அனுமதி கிடைப்பது வழக்கம். மறுப்பதற்குத்தான் வலுவான காரணம் வேண்டும். பெற்றோர் இருவரின் அன்பும் கிடைப்பது குழந்தையின் மனித உரிமை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியதுடன், வேறு ஊரிலோ நாட்டிலோ இருக்கும் பெற்றோர் தொலைபேசி, காணொளி அழைப்பு மூலம் பேசவும் வழி செய்ய வேண்டும் என்றது.

பொதுவாக இது படிப்படியாக விரியும். நீண்ட நாள் பார்க்காத குழந்தை என்றால், முதலில் நீதிமன்ற வளாகத்தில் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்ட அறையில் வார இறுதியில் சில மணி நேரம். பழகிய பிறகு வெளியே அழைத்துச் செல்லுதல். அடுத்து இரவு தங்குதல். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் சில நாள்கள், கோடை விடுமுறையில் பாதி, பொங்கல் ஒருவரிடம் என்றால் தீபாவளி மற்றவரிடம், பிறந்த நாளில் இரண்டு மணி நேரம் என்று உத்தரவில் எழுதப்படும்.

தூரமும் வயதும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு நல்ல சான்று. இரண்டு வயதுப் பெண் குழந்தையைத் தந்தை சந்திப்பதற்காகத் தாய் ஞாயிறுதோறும் மதுரையிலிருந்து கரூருக்கு, போக வர ஏறத்தாழ 300 கிலோமீட்டர், அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. தந்தையின் சந்திக்கும் உரிமைக்காகக் குழந்தையின் உடல்நலத்தைப் பணயம் வைக்க முடியாது என்று கூறிய நீதிமன்றம், சந்திப்பை மதுரைக்கே மாற்றியது. தந்தையின் உரிமை ரத்தாகவில்லை. பயணம்தான் குழந்தையிடமிருந்து பெரியவருக்கு மாறியது. சந்திக்கும் நேரம் கேட்டு மனு எழுதும் ஒவ்வொருவரும், குழந்தையின் நலன் முதலில், பெற்றோரின் உரிமை அடுத்து என்ற இந்த வரிசையை மனத்தில் வைக்க வேண்டும்.

உத்தரவு எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ‘வார இறுதியில் சந்திக்கலாம்’ என்று மட்டும் இருந்தால் ஒவ்வொரு வாரமும் சண்டை. நாள், நேரம், ஒப்படைக்கும் இடம், உடன் வரக்கூடியவர், குழந்தைக்கு உடல்நலம் சரியில்லாத வாரத்துக்கு மாற்று நாள் ஆகியவற்றை எழுதிக் கேளுங்கள். மருந்துச் சீட்டையும் வீட்டுப்பாட நோட்டையும் பையில் வைத்து அனுப்புவது போன்ற சிறிய ஏற்பாடுகள்கூட அந்த நாளை அமைதியாகக் கடக்க உதவும்.

உத்தரவு இருந்தும் குழந்தையைக் காட்ட மறுத்தால் என்ன செய்வது?

போன தேதி, நேரம், காத்திருந்த இடம், அனுப்பிய குறுஞ்செய்தி ஆகியவற்றைக் குறித்து வைத்து, அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு தாக்கல் செய்யுங்கள். வேண்டுமென்றே மீறினால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கைக்கும் இடம் உண்டு. தொடர்ந்து மீறுபவரிடமிருந்து குழந்தையையே மாற்றி ஒப்படைக்கும்படி கேட்கவும் அது காரணமாகலாம். குழந்தையே வர மறுத்து அழுகிறது என்றால், வற்புறுத்தி இழுக்காமல், ஆலோசகரின் உதவியை நீதிமன்றத்திடம் கேளுங்கள்.

அவர் செலவுக்குப் பணம் தரவில்லை. நான் குழந்தையைக் காட்டாமல் இருக்கலாமா?

கூடாது. சந்திப்பும் பராமரிப்புத் தொகையும் தனித்தனி. பார்க்க விடவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும் அதேபோல் தவறு. பராமரிப்புக்கு இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின் கீழோ, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவின் கீழோ மனு செய்யலாம். இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பது 2020 முதல் உச்ச நீதிமன்றம் வகுத்துள்ள நடைமுறை.

வீட்டில் வன்முறை இருந்திருந்தால்?

தயங்காமல் சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் கீழ், குற்றவியல் நடுவரே குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கலாம். சந்திப்பு குழந்தைக்குத் தீங்காகும் என்று கருதினால் அதை மறுக்கவும் செய்யலாம். மருத்துவமனைச் சீட்டு, காவல் நிலைய மனு ரசீது, பக்கத்து வீட்டாரின் சாட்சியம் ஆகியவை இங்கே உதவும். தாய் அடிக்கப்பட்டதைப் பார்த்து வளர்ந்த குழந்தையும் அந்த வன்முறையால் பாதிக்கப்பட்ட குழந்தையே என்பதை மனுவில் எழுதத் தவறாதீர்கள்.

வெளிநாட்டு நீதிமன்றத்தின் உத்தரவு இங்கே செல்லுமா?

குழந்தைகளை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டுசெல்வது குறித்த 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. வெளிநாட்டு உத்தரவை மதிப்பதும் ஒரு காரணிதான், ஆனால் குழந்தையின் நலனே மேலானது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உத்தரவு இருக்கிறது என்பதற்காகவே குழந்தை விமானம் ஏற்றப்படாது. இந்தியாவுக்கு வந்துவிட்டதாலேயே பிரச்சினை தீர்ந்தும் விடாது.

இருவரும் சேர்ந்தே வளர்க்கும்படி உத்தரவு கிடைக்குமா?

இந்தியச் சட்ட ஆணையம் 2015 மே மாதம் அளித்த 257-ஆவது அறிக்கையில் கூட்டுப் பொறுப்பைச் சட்டமாக்கப் பரிந்துரைத்தது. பெற்றோர் இருவரும் ஒத்துக்கொள்ளும் வழக்குகளில் அவ்வாறான ஏற்பாட்டை நீதிமன்றங்கள் பதிவு செய்கின்றன. ஒருவரோடொருவர் பேசவே மறுக்கும் பெற்றோருக்கு அது பொருந்தாது.

ஒருமுறை வந்த உத்தரவை மாற்ற முடியுமா, மேல்முறையீடு உண்டா?

குழந்தை குறித்த உத்தரவு இயல்பிலேயே நிரந்தரமானது அன்று. பெற்றோர் ஊர் மாறினாலோ, நோயுற்றாலோ, குழந்தை வளர்ந்து அதன் தேவைகள் மாறினாலோ திருத்தம் கேட்டு மனு செய்யலாம். ஆனால் சூழல் மாறியிருப்பதைக் காட்ட வேண்டும், பழைய வாதங்களையே திரும்ப வைத்தால் பயனில்லை. குடும்பநல நீதிமன்றத்தின் இறுதி உத்தரவை எதிர்த்து, குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின் கீழ் 30 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். இடைக்கால உத்தரவுக்கு இந்தப் பிரிவில் மேல்முறையீடு இல்லை. அரசமைப்பின் 227-ஆவது பிரிவின் கீழ்ச் சீராய்வு மனு தாக்கல் செய்வதே தமிழ்நாட்டில் வழக்கம். மேல்முறையீடு செய்துவிட்டதாலேயே கீழ் நீதிமன்ற உத்தரவு நின்றுவிடாது. தடை உத்தரவு கிடைக்கும் வரை அந்த வாரச் சனிக்கிழமைச் சந்திப்புக்குக் குழந்தையை அனுப்பத்தான் வேண்டும்.